பருவம் கட்டிய தோரணம்



மார்கழி மாதத்தின் கடைசி நாளான போகியன்று சாயங்காலம். கொங்கு நாட்டுக் கிராமங்களில் அந்நேரம் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். திண்ணையில் வெள்ளை வெள்ளையாகப் பூளைப்பூ குவிந்து கிடக்கும். பக்கத்தில் மஞ்சள் மின்னும் ஆவாரம்பூ, ஒரு கை வேப்பிலை, கொஞ்சம் மாவிலை. பெரியவர் ஒருவர் நாலையும் சேர்த்துப் பிடித்து நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். பேரப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு ஓடும். கூரை முகப்பில் ஒன்று, வாசல் நிலையில் ஒன்று, மாட்டுக் கொட்டிலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வயலின் மூலையில் ஒன்று. காப்புக் கட்டுதல் என்று இதற்குப் பெயர்.

பூளை வரப்பிலும் தரிசிலும் தானாக முளைக்கும் சிறு செடி. சிறுபீளை, பொங்கல்பூ, கூரைப்பூ என்றெல்லாம் ஊருக்கு ஒரு பெயர் அதற்கு. ஆவாரை, யாரும் தண்ணீர் ஊற்றாத காட்டில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கிராமத்தில் இந்தக் கொத்துக்குச் செலவு எதுவும் இல்லை. கோவை, ஈரோடு போன்ற நகரங்களில் போகிக்கு முந்தைய நாள்களில் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களின் வரிசையில் ஆவிரை என்ற பெயரில் ஆவாரையும் உண்டு, பூளையும் உண்டு. தலைவியும் தோழியும் மலைச்சாரலில் பறித்துக் குவித்த அதே பூக்கள்தாம் இன்றும் ஓட்டு வீட்டின் இறவாணத்தில் தொங்குகின்றன.

இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், பருவத்துக்குப் பருவம் வீட்டை அழகு செய்யக் கையால் செய்துகொள்ளும் எளிய பொருள்கள். கோலம், தோரணம், நெட்டி மாலை, அகல், முளைவிட்ட தட்டு, காகித நட்சத்திரம் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் வருவதற்கு ஒரு காலம் இருக்கிறது. வேலை முடிந்ததும் போய்ச் சேர ஓர் இடமும் இருக்கிறது. அந்த இரண்டும் இருப்பதால்தான் அவை மலிவாகவும் இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. எந்த வாரத்தில் எது ஏராளமாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மண்ணுக்கே கொடுத்துவிடுகிற கணக்கு அது.

வாசலில் இருந்தே தொடங்கலாம்.

மார்கழி விடிகாலை. சாணம் கரைத்துத் தெளித்த வாசல் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம்தான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. கோல நோட்டில் '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். தெரிந்தவர்களுக்கு அந்த வரி போதும். நடுவரிசையில் 15 புள்ளி. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வரிசைக்கு ஒன்று குறைந்துகொண்டே போய் 8-ல் நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. தெருவிளக்கின் அரை வெளிச்சத்தில், குனிந்த நிலையில், அளவுகோல் இல்லாமல், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவை நழுவவிட்டு இதைச் செய்கிறார்கள். ஒரு புள்ளி விலகினால் கடைசியில் இழை கூடாது.

இந்தக் கைத்திறனைக் கணிதம் கவனித்தது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எப்படி ஒரு பெரிய வடிவம் உருவாகிறது என்பதைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்துக் காட்டியது அந்தக் கட்டுரை. வாசலில் கோலம் போட்ட பெண்கள் அந்த விதிகளைப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். அம்மாவின் விரலைப் பார்த்து விரலுக்கு வந்த அறிவு அது.

நாள்கிழமைகளில் வீட்டுக்குள் போடும் இழைக்கோலத்துக்கு வேறு நுணுக்கம். பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்வார்கள். சிறு துணித்துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்து மெல்லப் பிழிந்தால், மாவு மோதிர விரல் வழியாக இறங்கித் தரையில் கோடாக விழும். காய்ந்தபின் தூய வெள்ளையாகத் தெரியும். அதைச் சுற்றிச் செம்மண் காவி. கல்லை அரைத்த பொடியில் போட்ட கோலம் துடைப்பத்தோடு போய்விடும். அரிசி மாவுக் கோலத்துக்கோ எறும்பு வரும், குருவி வரும், அணில் வரும்.

கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிவைக்கும் பூசணிப்பூவுக்கு இன்னும் நீண்ட கதை. பூசணிக் கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவின் அடியில் பிஞ்சு உருண்டை தெரியும். ஆண்பூ நீண்ட காம்பில் தனியே நிற்கும். எண்ணிக்கையிலும் ஆண்பூதான் அதிகம். மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றதைப் பறித்தால் காய்க்கு நஷ்டம் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கோலத்தில் வைத்த பூவையும் சாணத்தையும் சேர்த்தே அன்றன்றைக்கு வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். மாதம் முழுதும் பூ வரட்டி சேரும். தை மாதத்தில் ஒரு நாள் சிறுமிகளுக்கென்று மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன்னால் பொங்கல் வைக்கும் சிறுவீட்டுப் பொங்கல் வரும். அன்று அந்தப் பூ வரட்டிகளை எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் ஆற்றுக்கோ குளத்துக்கோ போய்த் தண்ணீரில் விடுவார்கள். வாசலை ஒரு மாதம் அழகு செய்த பொருளைக் குப்பை என்று கொட்டாமல் ஒரு விழா எடுத்து வழியனுப்பிய ஊர்கள் அவை.

அதே பொங்கலுக்குக் காவிரிக் கரையில் நெட்டி மாலை. நெட்டி என்பது குளம் குட்டைகளில் வளரும் ஒரு செடி. தண்டின் மேல்தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாக, பஞ்சு போன்ற எடையில் ஒரு பொருள் இருக்கும். தண்டை அறுத்துவந்து காயவைத்து, வில்லை வில்லையாகவும் பூ வடிவிலும் நறுக்கி, சாயம் தோய்த்து, நாரில் கோத்தால் மாட்டுப் பொங்கலுக்கு மாலை தயார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் மார்கழி பிறந்ததும் இந்த வேலை சூடு பிடிக்கும். மாடு இல்லாத வீட்டில் அதே மாலை வாசல் நிலையில் தொங்கும். வண்டியின் முகப்பில் ஆடும். அதே நெட்டியில் பெரிய கோயில் விமானத்தைக் குட்டியாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் கலைஞர்களும் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலங்காரத்தில் தெர்மோகோல் செய்யும் வேலையை நெட்டியும் செய்யும். வெள்ளை நிறம், எடையின்மை, நினைத்த வடிவில் நறுக்க வருவது, எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒன்று குளத்தில் விளைந்து மண்ணில் மக்குகிறது. மற்றொன்று உடைந்து உடைந்து குளத்தை அடைக்கிறது.

இனித் தோரணத்துக்கு வரலாம். மலிவான அலங்காரத்தில் குருத்தோலைக்கு இணையான பொருள் வேறு இல்லை.

தென்னை மரத்தின் உச்சியில், இன்னும் விரியாமல் ஈட்டிபோல நிற்கும் இளம் ஓலைதான் குருத்து. வெயில் படாததால் பச்சை ஏறாமல் வெளிர்மஞ்சளாக இருக்கும். முற்றிய ஓலை முறியும். குருத்தோலை சொன்னபடி வளையும். ஒரு மட்டையில் 200-க்கும் மேற்பட்ட தனி ஓலைகள் இருப்பதால் ஒரே குருத்தில் ஒரு தெருவுக்கே தோரணம் கட்டலாம். ஈர்க்கோடு ஒட்டியிருக்கும் ஓலையைக் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, நகத்தால் கீறிக் கிழித்து, ஒரு கிழிசலை இன்னொன்றுக்குள் நுழைத்து இறுக்கினால் ஒரு தொங்கல் ஆயிற்று. கத்தி வேண்டாம், பசை வேண்டாம், ஆணி வேண்டாம். கை பழகியவர்கள் பேசிக்கொண்டே கட்டுவார்கள். மிஞ்சிய ஓலையில் பிள்ளைகளுக்குக் கிளி, பாம்பு, காத்தாடி, ஊதல், கைக்கடிகாரம். ஈரத்துணியில் சுற்றிவைத்தால் ஓலை வாடாமல் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தோரணம் ஒரு மொழியாகவே இருக்கிறது. ஓலையை மடித்துக் குருவித்தலை போலச் செய்வார்கள். அந்தத் தலை மேல்நோக்கி இருந்தால் மங்கல நிகழ்ச்சி. கீழ்நோக்கி இருந்தால் அமங்கலம். தெருவில் போகிறவருக்கு ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டியதில்லை. தோரணத்தைப் பார்த்தே வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு நுழைவதா, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நுழைவதா என்று தெரிந்துவிடும்.

கிறிஸ்தவ வீடுகளில் குருத்தோலைக்கு இன்னொரு நாள் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு. பவனி முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக மடித்துச் சுவரில் செருகிவைப்பார்கள். வருடம் முழுதும் அது அங்கேயே இருந்து வைக்கோல் நிறத்துக்குக் காயும். அடுத்த ஆண்டு தவக்காலம் நெருங்கும்போது அந்தப் பழைய ஓலைகள் ஆலயத்துக்குத் திரும்பும். அவற்றை எரித்த சாம்பல்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசப்படுகிறது. ஓர் ஓலை எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும், போகும்போது என்னவாகப் போக வேண்டும் என்பது வரை கணக்கு இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தென்னை சராசரியாக மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். ஆகவே ஒரு குருத்தை வெட்டினால் ஓர் ஓலையும் ஒரு குலைத் தேங்காயும் போகின்றன. வெட்டத் தெரியாதவர் கை வைத்தால் மரமே போகும், ஏனென்றால் தென்னைக்கு வளர் நுனி ஒன்றே ஒன்றுதான். எனவே தோரணத்துக்குக் குருத்து வேண்டுமென்றால் விழுந்த மரத்திலிருந்தோ, வெட்டப்போகும் மரத்திலிருந்தோ எடுப்பது நல்லது. தெருவுக்கு ஒரு குருத்து என்று பகிர்ந்துகொள்வது அதைவிட நல்லது. காப்புக்கு ஒடிக்கும் ஆவாரைக்கும் இதே நியாயம்தான்: ஒரு கொத்துக்கு ஒரு கிளை போதும், புதரையே மொட்டையடிக்க வேண்டியதில்லை.

மாவிலைக்கு இந்தக் கவலை இல்லை. கீழ்க்கிளையிலிருந்து ஒரு கை இலை. காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, ஈர்க்குத் துண்டால் ஒரு குத்து. அவ்வளவுதான் தோரணம். பூ ஒரே நாளில் கருகிவிடும்; மாவிலை நாள்கணக்கில் வடிவம் கெடாமல் காயும்.

கார்த்திகைக்கு மண் அகல். இதில் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒரு நுட்பம் உண்டு. புது அகலில் அப்படியே எண்ணெய் ஊற்றினால் பாதியை மண்ணே குடித்துவிடும். முதல்நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து உலர்த்தினால் எண்ணெய் நிற்கும், விளக்கு நின்று எரியும். போன வருட அகலைக் கழுவிக் காயவைத்து மறுபடி ஏற்றலாம். உடைந்தால் தொட்டிச் செடியின் அடியில் போடலாம்.

அன்றிரவு சேலம், தருமபுரிப் பக்கங்களிலும் வட மாவட்டங்களிலும் பையன்கள் மாவளி சுற்றுவார்கள். ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, மூன்று பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றால் சுழற்றுவார்கள். பொன்னைப் பொடித்துத் தூவியதுபோலப் பொறி வட்டம் போடும். காய்க்காத மரம் என்று ஒதுக்கிவைத்த ஆண் பனைக்கும் ஊரில் ஒரு நாள் மரியாதை. பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும், வைக்கோல்போர் பக்கம் சுற்றக் கூடாது என்பது மட்டும் கட்டாயம்.

நவராத்திரிக் கொலுவில் பொம்மையைவிடப் பிள்ளைகளை இழுப்பது படிக்குக் கீழே போடும் தோட்டம். ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை மண் பரப்பி, கடுகு, வெந்தயம், கேழ்வரகு மூன்றையும் தனித்தனிப் பாத்தியாகத் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் சில நாளிலேயே பச்சை எழும்பும். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னதாக விதைத்தால் முதல்நாள் கொலுவுக்கே வயல் தயார். தீப்பெட்டியில் வீடு, ஐஸ் குச்சியில் வேலி, கண்ணாடித் துண்டில் குளம். விஜயதசமி கழிந்தபின் வெந்தயத் தளிர் சமையலறைக்குப் போகும், மண் தொட்டிக்குப் போகும். கிறிஸ்துமஸ் குடிலிலும் இதே முளைப் பயிரைப் பார்க்கலாம். வைக்கோல் கூரைக்குக் கீழே மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிப் பச்சைப் புல்வெளியாக அது நிற்கும்.

டிசம்பரில் வாசலில் தொங்கும் நட்சத்திரத்தைக் கடையில் வாங்காமல் செய்வதற்கு 10 மூங்கில் சிம்புகளும் 5 சிறு குச்சிகளும் போதும். ஐந்து சிம்புகளை ஐந்து முனை நட்சத்திரமாக வைத்து முனைகளை நூலால் கட்ட வேண்டும். இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டியபின், நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் குச்சியை நிறுத்தினால் நட்சத்திரத்துக்கு வயிறு வந்துவிடும். மைதாப் பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே சூடேறாத சின்ன எல்இடி விளக்கு. தாள் கிழிந்தால் அடுத்த வருடம் புதுத் தாள். கூடு அப்படியே இருக்கும். இலங்கையில் மே மாதப் பௌர்ணமியில் ஏற்றும் வெசாக் கூடுகளும் இதே மூங்கில், இதே மெல்லிய தாள், இதே பசையில் பிறப்பவைதான். மதம் வேறு, மாதம் வேறு, வேலை ஒன்று.

இப்போது நகரத்து வாசலைப் பார்ப்போம். நிலையில் பிளாஸ்டிக் மாவிலை. தரையில் ஒட்டுக்கோலம். பூஜை அலமாரியில் துணிப்பூ. இவற்றுக்குப் பருவம் கிடையாது. தையிலும் ஆடியிலும் ஒரே பச்சை. போய்ச் சேரவும் இடம் கிடையாது. நிறம் மங்கியதும் ஒரு நாள் கழற்றப்பட்டு, பல வீடுகளில் போகித் தீயில் விழுகிறது. 2018-ல் போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. சட்டம் கடைக்குச் சொல்லும். வீட்டு நிலைப்படிக்கு வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

நேரம் இல்லை என்ற பதிலில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண் விடிகாலையில் எழுந்து 169 புள்ளி வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடக் கூடாது. நெடுங்காலமாக வாசல் அழகு பெண்ணின் குறுக்கெலும்பில் ஏறி நின்றது. அந்தப் பாரத்தைப் பகிர்வதற்குப் பிளாஸ்டிக் வழி அல்ல. வீட்டு ஆண்கள் சாணமோ தண்ணீரோ தெளிக்கலாம், பிள்ளைகள் புள்ளி வைக்கலாம், பெரியவர்கள் இழை இழுக்கலாம். அடுக்குமாடியில் இரண்டடி வாசல்தான் என்றால் ஐந்து புள்ளிக் கோலம் போதும், அதுவும் கோலம்தான். தினம் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை மட்டும். வாங்கத்தான் வேண்டுமென்றால் சாலையோரம் மாவிலையும் பூளைப்பூவும் வைத்திருக்கும் பாட்டியிடமும், அகல் விற்கும் குயவரிடமும், நெட்டி மாலை கொண்டுவருகிறவரிடமும் வாங்கலாம். அவர்களுக்கு ஆண்டில் நல்ல வருமானம் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சில நாள்களில்தான். அங்கே பேரம் பேசாமல் கொடுப்பது நல்லது.

கைவேலைக்கு இன்னொரு பலன் உண்டு. தோரணம் கட்டும் திண்ணையில் தாத்தாவும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பூ எங்கே பூக்கும், எந்தச் செடி எதற்கு மருந்து, எந்த மரத்தில் ஏறலாம் என்ற பேச்செல்லாம் அங்கேதான் கைமாறுகிறது. கட்டாகக் கடையில் வாங்கிய தோரணம் அந்தப் பேச்சைக் கொண்டுவராது. ஆவாரம்பூவைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு அது பூக்கும் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்ற வழியில்லை.

ஆகவே இந்த அவைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற போகியன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கை மாவிலை, ஒரு கொத்துப் பூளைப்பூ, ஒரு கிளை ஆவாரை, கொஞ்சம் வேப்பிலை, ஒரு பிடி ஈர்க்கு, ஒரு முழம் கயிறு. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு குழந்தையை எதிரே உட்காரவைத்து, முதல் முடிச்சை அந்தக் கையையே போடச் சொல்லுங்கள். கொத்து கோணலாக வந்தாலும் பிரித்துக் கட்டாதீர்கள். அதையே வாசல் நிலையில் கட்டுங்கள்.